நஸீபில் இல்லை என்று யார் சொன்னது?

 

ஏப்ரல், மே மாதங்கள் நம் வீடுகளில் முடிவுகளின் காலம். பிளஸ் டூ மதிப்பெண், கல்லூரிச் சேர்க்கை, மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு என ஏதேனும் ஒன்றின் முடிவுக்காக ஒவ்வொரு வீடும் காத்திருக்கிறது. இடம் கிடைத்த பிள்ளைகளின் பெயர்களை ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிக்கிறோம். கேடயம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். இடம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. அதைவிட, அவர்களுடைய பெற்றோராகிய நம்மைப் பற்றியது.

சென்ற ஆண்டு மே மாதம் எங்கள் வீட்டுக்கும் அப்படியொரு முடிவு வந்தது. திண்டுக்கல்லில் இரண்டு தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்துவரும் குடும்பம் எங்களுடையது. எங்கள் மகள் பி.காம். முடித்துவிட்டு, ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் ஒன்றில் எம்.பி.ஏ. படிக்க விரும்பினாள். அதற்கான 'கேட்' நுழைவுத் தேர்வில் 95 பெர்சன்டைல் பெற்றாள். அதாவது, தேர்வு எழுதிய ஒவ்வொரு நூறு பேரிலும் ஏறத்தாழ 95 பேரைவிட முன்னே நின்றாள். ஒரு நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. நோன்பு வைத்துக்கொண்டே போய் வந்தாள். மே மாதம் நான்கு வரிகளில் ஒரு மின்னஞ்சல் வந்தது. இடம் இல்லை.

அன்றிரவு நாங்கள் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, "நஸீபில் இல்லைம்மா, விட்டுடு" என்பதுதான். ஆறுதலாகத்தான் சொன்னோம். ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்குள், அதுவரை தள்ளிவைத்திருந்த ஒரு சம்பந்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒரேயொரு கேள்வி மட்டும் கேட்டாள்: "அத்தா, இந்த வருஷம் என் நஸீபில் இல்லை, சரி. அடுத்த வருஷமும் இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் அவளுக்கு ஓர் ஆண்டு கொடுத்தோம். இப்போது அவள் இரண்டாம் முறையாகத் தேர்வு எழுதி, நேர்காணல்களையும் முடித்துவிட்டு, முடிவுக்காகக் காத்திருக்கிறாள்.

முடிவு வரும்வரை பொறுத்திராமல் இதை இப்போதே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இடம் கிடைத்த பிறகு எழுதினால், கிடைத்ததால்தான் அந்த ஓராண்டு முயற்சி சரியானது என்று பொருளாகிவிடும். கிடைக்காமற்போன பிறகு எழுத எங்களுக்கு மனம் வராமல் போகலாம். முடிவு எதுவாயினும் சொல்ல வேண்டியது ஒன்றுதான் என்பதால், அது தெரியாத இந்நாளிலேயே சொல்லிவிடுகிறோம்.

நடந்ததும் நடக்கவிருப்பதும்

விதியை நம்புவது நம் ஈமானின் ஒரு பகுதி. அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கையை நாம் எங்கே பயன்படுத்துகிறோம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி 'இது அல்லாஹ்வின் நாட்டம்' என்று சொல்லும்போது அது பொறுமை. இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றி 'இது உனக்கு விதிக்கப்படவில்லை' என்று சொல்லும்போது அது பொறுமையன்று. மறைவானதை அறிந்தவர்களைப் போலப் பேசுவது. மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே உண்டு என்று நம்புகிற நாம், நம் பிள்ளைகளின் அடுத்த ஆண்டைப் பற்றி மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாகத் தீர்ப்புக் கூறுகிறோம்?

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள ஒரு நபிமொழியை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். பயன் தரும் காரியத்தில் ஆர்வத்துடன் முயல்வது, அல்லாஹ்விடம் உதவி தேடுவது, இயலாதவர்களாக ஒடுங்கிவிடாமல் இருப்பது ஆகிய மூன்றும் அதில் முதலில் வருகின்றன. ஏதேனும் நேர்ந்துவிட்டால் அதை அல்லாஹ்வின் ஏற்பாடு என ஏற்பது அதன் பிறகே வருகிறது. அந்த வரிசையைத்தான் நாம் மாற்றிவிடுகிறோம். முயற்சி இருக்க வேண்டிய இடத்தில் விதியைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம்.

அதே நபிமொழி, 'அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே' என்று புலம்புவதையும் தடுக்கிறது. அப்படியானால் தோல்வியின் காரணத்தை ஆராய்வதே தவறா என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிக் கருதவில்லை. நேற்றை மாற்றத் துடிப்பது புலம்பல். நாளை திருத்திக்கொள்வதற்காக நேற்றைப் பார்ப்பது பாடம். ஒரு லோடு தோல் விலைபோகாமல் திரும்பி வந்தால், 'வியாபாரம் நம் நஸீபில் இல்லை' என்று சொல்லி எந்த வியாபாரியாவது மண்டியைப் பூட்டிவிடுகிறாரா? உப்பு சரியாகப் போடப்பட்டதா, உரிக்கும்போது கத்தி பட்டுவிட்டதா, வாங்குபவர் கேட்ட தரத்தைத்தான் அனுப்பினோமா என்று பிரித்துப் பார்க்கிறார். அடுத்த லோடை ஒழுங்காக அனுப்புகிறார். சரக்குக்குக் காட்டும் இந்தப் பொறுமையை மகளுக்குக் காட்ட எங்களுக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை.

'அடுத்த ஆண்டு வாருங்கள்'

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, துல்கஃதா மாதம். நபி (ஸல்) அவர்களும் ஏறத்தாழ 1,400 தோழர்களும் உம்ரா செய்வதற்காக மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். மக்காவுக்கு அருகில் ஹுதைபிய்யாவில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அங்கே ஏற்பட்ட உடன்படிக்கையின் நிபந்தனைகளுள் ஒன்று, இவ்வாண்டு திரும்பிச் செல்ல வேண்டும், அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம் என்பது. இஹ்ராம் அணிந்து, பலிப் பிராணிகளுடன், கஅபாவைக் காணும் ஆவலோடு வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துயரம்!

ஒரு நுழைவுத் தேர்வை அந்நிகழ்வோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அந்தத் தகுதி எந்தத் தேர்வுக்கும் இல்லை. ஆயினும் துயரத்தில் இருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. பிராணிகளை அறுத்து, தலைமுடியைக் களையுமாறு நபியவர்கள் கூறியபோது, துயரத்தின் மிகுதியால் தோழர்கள் எழவில்லை. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஓர் ஆலோசனை கூறினார்கள்: யாரிடமும் எதுவும் பேசாமல், தாங்களே வெளியே சென்று தங்கள் பிராணியை அறுத்து முடியைக் களைந்துகொள்ளுங்கள் என்பதே அது. நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் அனைவரும் எழுந்தார்கள். மறு ஆண்டு அதே துல்கஃதாவில் உம்ராவும் நிறைவேறியது.

மனம் உடைந்தவர்களை எழுப்பியது அறிவுரையன்று. கண்முன் நடந்த ஒரு செயல். எங்கள் வீட்டில் நாங்கள் ஒரு வாரம் பேசிக்கொண்டே இருந்தோம். 'எல்லாம் நன்மைக்கே' என்றோம், 'பக்கத்துத் தெருப் பையனுக்கும்தான் கிடைக்கவில்லை' என்றோம். எதுவும் அவளைத் தொடவில்லை. சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்த அவளுடைய புத்தகங்களை, அவளுடைய அம்மா ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பிறகு ஒன்றும் பேசாமல் எடுத்துத் தூசி தட்டி மேசையில் அடுக்கிவைத்தாள். அன்றுதான் அவள் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எங்கே தவறியது?

மறுபடி விண்ணப்பிப்பது என்றால், அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அனுப்பினால் அதே பதில்தான் வரும். வெளிநாட்டு மேலாண்மைப் பள்ளிகள் பலவும் மறுபடி விண்ணப்பிப்பவர்களிடம் தனியாக ஒரு குறுங்கட்டுரை கேட்கின்றன: சென்ற முறைக்கும் இம்முறைக்கும் இடையில் உங்களிடம் மாறியது என்ன? நம் நாட்டில் அந்தக் கேள்வி தாளில் இருக்காது. ஆனால் அதற்குப் பதில் இல்லாதவர் இரண்டாம் முறை செல்வதில் பொருளில்லை.

இடம் மறுக்கப்படுவதற்குப் பொதுவாக மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, தேர்வு மதிப்பெண். இரண்டாவது, பழைய மதிப்பெண்களும் பணி அனுபவமும் சேர்ந்த பின்னணி. மூன்றாவது, நேர்காணல். எந்த இடத்தில் தவறியது என்று தெரியாமல் உழைப்பது, எங்கே ஒழுகுகிறது என்று பாராமல் கூரை முழுவதும் ஓடு மாற்றுவதைப் போன்றது.

முதலில் தேர்வு. கேட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. மொத்தம் இரண்டு மணி நேரம். ஆங்கில வாசிப்பு, தரவு விளக்கமும் தர்க்கமும், கணிதம் என்னும் மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம். ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் ஒன்று கழிக்கப்படும். இத்தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆனால் ஓராண்டின் மதிப்பெண் அவ்வாண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். எனவே மறுபடி விண்ணப்பிப்பவர் மறுபடி தேர்வும் எழுதியாக வேண்டும்.

எங்கள் மகள் தன் மாதிரித் தேர்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தெரியாத வினாக்களால் அவள் இழந்தது குறைவு. தெரியும் என்று எண்ணி அவசரத்தில் தவறவிட்டதே அதிகம். அதன் பிறகு ஞாயிறுதோறும் ஒரு மாதிரித் தேர்வு எழுதி, எழுதியதைவிட இரண்டு மடங்கு நேரத்தை அதன் தவறுகளைப் பார்ப்பதில் செலவிட்டாள். இம்முறை 97 பெர்சன்டைல் வந்தது. பெரிய பாய்ச்சலன்று. ஆனால் எப்படி வந்தது என்று அவளால் சொல்ல முடிகிறது.

இரண்டாவது, பின்னணி. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்களை இனி யாரும் மாற்ற முடியாது. ஆனால் அவற்றுக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே எடை கொடுப்பதில்லை. அகமதாபாத் ஐ.ஐ.எம். பள்ளி, கல்லூரி மதிப்பெண்களையும் பணி அனுபவத்தையும் சேர்த்துத் தனியாக ஒரு மதிப்பீடு செய்கிறது. மற்ற நிறுவனங்கள் தத்தமக்கென வேறு வேறு கணக்குகளை வைத்திருக்கின்றன. இத்தேர்வு முறைகள் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே வெளியிடப்படுகின்றன. பெயர் பெரிது என்பதற்காக விண்ணப்பிக்காமல், தம் மதிப்பெண்களுக்கு எங்கே வழி திறந்திருக்கிறது என்று படித்துப் பார்த்து விண்ணப்பிப்பது மாணவரின் பொறுப்பு. முதல் முறை நாங்கள் அதைப் படிக்கவேயில்லை.

நம் சமுதாயத்தினர் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. தமிழக அரசின் 3.5 சதவீத முஸ்லிம் இடஒதுக்கீடு மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்குப் பொருந்தாது. ஐ.ஐ.எம்.களில் உள்ளது இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான 27 சதவீதம். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை சமூகத்தினர் தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளனர். ஆனால் அதற்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசு வகுத்துள்ள படிவத்தில், 'வளமான பிரிவைச்' சேராதவர் என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழை வருவாய்த் துறையிடம் பெற வேண்டும். அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். நாங்கள் முதல் முறை, கையில் இருந்த மாநிலச் சான்றிதழே போதும் என்று எண்ணி இருந்துவிட்டோம். கடைசி நாளில் உண்மை தெரிந்தபோது புதிய சான்றிதழ் வாங்க நேரமில்லை. மகள் பொதுப் பிரிவிலேயே விண்ணப்பிக்க நேர்ந்தது. இது விதியா? இல்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைத்த கதை. விண்ணப்பம் ஆகஸ்ட் மாதவாக்கில் தொடங்கிவிடுகிறது. சான்றிதழை ஜூன் மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டின் பங்கு

மூன்றாவது, நேர்காணல். இதைச் சொல்ல எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

'ஏன் எம்.பி.ஏ. படிக்க விரும்புகிறாய்?' என்று கேட்டபோது, குடும்பத் தொழிலை வளர்ப்பதற்காக என்று அவள் கூறியிருக்கிறாள். நல்ல பதில்தான். ஆனால் உடனே அடுத்தடுத்த கேள்விகள் வந்தன. ஒரு கிலோ தோலைப் பதனிட எவ்வளவு தண்ணீர் செலவாகிறது? அந்தக் கழிவுநீர் எங்கே செல்கிறது? தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு என்ன சொல்கிறது? அவளுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? எங்கள் வீட்டுக்குள் தோலின் வாடை தினமும் வந்தது. தோலைப் பற்றிய பேச்சு மட்டும் மகளின் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டோம். கணக்கு வழக்கு, வாங்கல் விற்றல், அதிகாரிகளின் சோதனை எல்லாம் ஆண்களின் விஷயம் என்று மண்டியோடு நிறுத்திவிட்டோம். மகன் பத்து வயதிலிருந்து கல்லாவில் உட்கார்கிறான். மகள் பி.காம். முடித்தும் எங்கள் பேரேட்டைத் தொட்டதில்லை. தொழிலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வளர்த்துவிட்டு, தொழிலைப் பற்றிய கேள்வியில் அவள் தோற்றபோது 'நஸீப்' என்றோம்.

இந்த ஓராண்டில் அதை மாற்றினோம். முறையாக நியமனக் கடிதம் கொடுத்து, மாதச் சம்பளத்தை வங்கியில் செலுத்தி, அவளை எங்கள் கணக்குப் பிரிவில் சேர்த்தோம். இதை ஒரு செய்தியாகவே பெற்றோருக்குச் சொல்கிறோம். பல நிறுவனங்கள் பணி அனுபவத்துக்கு மதிப்பெண் தருகின்றன. ஆனால் அதற்குச் சான்று கேட்கின்றன. 'வாப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டேன்' என்ற வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. சொந்தப் பிள்ளைக்குச் சம்பளமா என்று தயங்காதீர்கள். உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுப்பது நம் மார்க்கம் வலியுறுத்துவதுதானே!

அவள் கற்றுக்கொண்டாள். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதை எங்கள் மீட்டர்களைப் பார்த்துக் கணக்கிட்டாள். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ப் பார்த்து வந்தாள். வேலூர்ப் பகுதியிலிருந்து தொடரப்பட்ட அந்த வழக்கின் தீர்ப்பைப் படித்தாள். மாசுபடுத்துபவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றது என்பதையும், நம் மாவட்டத்துத் தொழிற்சாலைகளும் அதற்குள் அடங்கும் என்பதையும் இரவு உணவின்போது எங்களுக்கே விளக்கினாள். முப்பது ஆண்டுகளாக அந்தத் தீர்ப்பைத் திட்டிக்கொண்டே இருந்த நாங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுதான் கேட்டோம்.

இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த அறிவு அவளை விட்டுப் போகாது. 'ஒரு வருஷம் வீணாகப் போய்விட்டதே' என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

பணமும் திருமணமும்

இரண்டு தயக்கங்களை நேராகப் பேசிவிடுவோம். பெரும்பாலான வீடுகளில் இரண்டாம் முயற்சியைத் தடுப்பவை இவையே.

ஒன்று, கட்டணம். முன்னணி ஐ.ஐ.எம்.களில் ஈராண்டுப் படிப்புக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. கல்விக் கடன் என்றால் வட்டி. வட்டி ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. கல்விக் கடனுக்கு நிர்ப்பந்தம் என்ற சலுகை பொருந்துமா என்பது ஆலிம்கள் விளக்க வேண்டியது. இங்கே தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. நாம் சொல்வது இவ்வளவே: அனுமதிக் கடிதம் வந்து, பணம் கட்டப் பத்து நாள் இருக்கும்போது ஆலிமைத் தேடி ஓடாதீர்கள். காத்திருக்கும் ஓராண்டு இதற்கும் உரியது. கேட் மதிப்பெண்ணை ஏற்கும் எல்லா நிறுவனங்களும் அவ்வளவு கட்டணம் வாங்குவதில்லை. டெல்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைக் கல்விப் புலத்தில் கட்டணம் அதைவிடப் பன்மடங்கு குறைவு. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தரும் நிறுவனங்களும் உள்ளன. கடன் வேண்டாம் என்று முடிவு செய்த குடும்பம், விண்ணப்பப் பட்டியலையே அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகளின் கல்விக்கு 20 லட்சமா என்று மலைக்கிற நாம், மகளின் திருமணத்துக்கு அதே தொகையை நகையாகவும் விருந்தாகவும் எடுத்துவைக்கத் தயங்குவதில்லை. எங்கள் சேமிப்பும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் அதை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, பணம் இல்லை என்று நாங்கள் சொல்லிவந்தது பொய் என்று தெரிந்தது. பணம் இருந்தது, அதன் மேல் 'நிக்காஹ்' என்று எழுதி வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

மற்றொன்று, வயது. மகனுக்கு ஓராண்டு தவறினால் 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்கிறோம். மகளுக்கு அதே ஓராண்டு தவறினால் வரன் போய்விடும் என்று அஞ்சுகிறோம். எங்களிடம் வந்த சம்பந்தத்தை மறுக்கவில்லை. ஓராண்டு பொறுக்க முடியுமா என்று கேட்டோம். அவர்களால் முடியவில்லை. மனம் வருந்தவே செய்தது. அதற்கும் நாங்கள் இஸ்திகாரா செய்து, அல்லாஹ்விடமே ஒப்படைத்தோம். திருமணம் நல்லதுதான்; ஆனால் தோல்வியின் மறுநாள், அழுத கண்களோடு இருக்கும் பெண்ணிடம் அதை ஆறுதல் பரிசாக நீட்டுவது அவளுக்கும் நியாயமன்று, அவளை மணக்க வரும் பிள்ளைக்கும் நியாயமன்று.

எப்போது விட்டுவிடலாம்?

எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வேண்டியது அந்தப் படிப்பா, அல்லது அந்தப் பெயர் மட்டுமா என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டை 1950இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் மறுபடி அங்கே முயலவில்லை. தாம் மதித்த பெஞ்சமின் கிரகாம் என்ற ஆசிரியர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார் என்று அறிந்து அங்கே விண்ணப்பித்துச் சேர்ந்தார். தமக்கு வேண்டியது எது என்று தெரிந்தவருக்கு ஒரு கதவு மூடியது பெரிய இழப்பாக இல்லை.

முதல் தோல்விக்கான காரணம் இன்னதென்று தெரிந்து, அதை மாற்ற முடியும் என்றால் மறுபடி முயலலாம். காரணம் தெரிந்தும் மாற்ற முடியாதென்றால் வேறு நிறுவனத்தை நாடலாம். இரண்டு முறை நேர்மையாக முயன்ற பிறகு, மனம் வேறு பக்கம் திரும்பினால் கண்ணியத்தோடு விட்டுவிடலாம். அப்போது 'கத்ர்' என்று சொல்வதற்கு நமக்கு உரிமை உண்டு. முயன்று பார்த்தவர் சொல்லும் அந்தச் சொல்லில் அமைதி இருக்கும். முயலாமல் சொல்பவர் வாயில் அது சோம்பலின் மறுபெயர்.

சில வாரங்களில் மறுபடி மின்னஞ்சல் வரும். இம்முறை மூன்று நிறுவனங்களிலிருந்து. மூன்றும் மறுக்கலாம். அப்படி நேர்ந்தால் என்ன சொல்வது என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். 'நஸீபில் இல்லை, விட்டுடு' என்று சொல்லமாட்டோம். 'இன்னா லில்லாஹ்' சொல்வோம். அன்றிரவு அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவோம். மறுநாள் காலை, அடுத்து என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்போம்.

உங்கள் வீட்டில் இவ்வாண்டு இடம் கிடைக்காத பிள்ளை ஒன்று இருந்தால், இன்று அதன் அருகில் போய் உட்காருங்கள். தீர்ப்பு ஏதும் சொல்லாதீர்கள். எங்கே தவறியது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போமா என்று மட்டும் கேளுங்கள்.

நம் பிள்ளைகளின் முயற்சிகளில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! கொடுக்கும்போது நன்றியையும், தடுக்கும்போது பொறுமையையும், மறுபடி எழுவதற்கான வலிமையையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.